சுன்னாகத்து முகாம்களும் தேவைக் கணக்கும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே சுன்னாகம் என்ற பெயரைக் கேட்டவுடன் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அதன் சந்தையாகும். யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்லும் பெருவீதியும் புகையிரதப் பாதையும் அவ்வூரின் ஊடாகவே செல்கின்றன. வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் விளைந்த வெங்காயமும் மிளகாயும் கத்தரியும் வாழைக்குலையும் அங்கு வந்து குவிவது நெடுங்கால வழக்கம். கற்றோர் அதனைக் குமாரசுவாமிப் புலவரின் ஊர் என்பர்; மாணாக்கர் ஸ்கந்தவரோதயாக் கல்லூரியின் ஊர் என்பர்; ஏனையோர் மின்னிலையம் உள்ள ஊர் என்பர். இத்தகைய ஊரிலே, சந்தையின் இரைச்சல் கேட்கும் தொலைவில், கால் நூற்றாண்டுக் காலம் மக்கள் கிடுகுக் கொட்டில்களில் நிவாரண அட்டையை நம்பி வாழ்ந்தனர். அவர்களுக்கு எவ்வளவு உணவு வேண்டும், எத்தகைய கல்வி வேண்டும், வேறு என்னென்ன வேண்டும் என்று கணக்கிட்டவர் பலர். அக்கணக்கு எவ்வாறு போடப்பட்டது, அதிலே எது அடங்கியது, எது அடங்காமற் போயிற்று என்பதே இங்கு ஆராயத்தக்கது.

துன்புற்றோருக்கு இவ்வளவு போதும் என்று வரையறுக்கும் முயற்சி தமிழர் வரலாற்றிலே புதியதன்று. 1876 தொடக்கம் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது இது குறித்துக் கடும் வழக்கொன்று நடந்தது. இந்திய அரசாங்கத்தின் சார்பிலே செலவைக் குறைக்க வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் உழைக்கும் ஆடவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்றார். மாகாணத்தின் சுகாதார ஆணையாளராயிருந்த வைத்தியர் கோர்னிஷ் இதனை வன்மையாக மறுத்தார். மண் வெட்டிக் கல் சுமப்பவனுக்கு ஒன்றரை இறாத்தலும், அதனோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்பது அவர் வாதம். சென்னை அரசாங்கம் 1877 மார்ச் மாதத்தில் இரு கட்சிக்கும் நடுவே நின்று ஒன்றேகால் இறாத்தல் தானியமும் சிறிது பருப்பும் கொடுக்க இசைந்தது. மனிதவுடலின் தேவை எவ்வளவு என்பது வைத்திய நூல் தீர்க்கவேண்டிய வினா. அதனை இருவர் பேரம் பேசிப் பாதிவழியில் முடித்துக்கொண்டனர். பிற்காலத்து நிவாரணப் பட்டியல்கள் பலவற்றிலும் இப்பேரத்தின் சாயலைக் காணலாம்.

குடாநாட்டிற்கு ஏதிலிகள் வந்திறங்கியதும் 1990இல் புதிதாக நிகழ்ந்ததன்று. 1958ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது தெற்கிலிருந்து தமிழர் கப்பலேறி வந்தனர். 1977இலும் 1983இலும் அவ்வாறே வந்தனர். ஆயினும் அவ்வேளைகளில் வந்தவர்களில் பெரும்பாலோர்க்கு ஊரும் உறவும் குடாநாட்டிலே இருந்தன. சில நாட்கள் பாடசாலை மண்டபத்திலே தங்கியவர்கள் பின்னர் உற்றார் வீடுகளுக்குச் சென்றனர். கோயில்களும் சன சமூக நிலையங்களும் சமைத்துக் கொடுத்த சோற்றுப் பொட்டலங்கள் அந்தச் சில நாட்களுக்குப் போதியனவாயிருந்தன. ஏறத்தாழ முகாம் என்பது ஒரு தங்குமடம் என்றே மக்கள் எண்ணினர்.

1990 ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது நிலைமை மாறிற்று. பலாலி விமானத்தளத்தையும் காங்கேசன்துறைத் துறைமுகத்தையும் சூழ்ந்திருந்த வலிகாமம் வடக்கு ஊர்கள் போர்க்களமாயின. மயிலிட்டி, ஊறணி, தையிட்டி, பலாலி, வசாவிளான், காங்கேசன்துறை முதலிய இடங்களிலிருந்து மக்கள் உடுத்த உடையோடு தெற்கு நோக்கி நடந்தனர். தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், உடுவில் என்று வழியிலிருந்த ஊர்களே அவர்களுக்குத் தஞ்சமளித்தன. மயிலிட்டியிலிருந்து சுன்னாகம் ஏறத்தாழ ஐந்து மைல். மாட்டுவண்டியிலே காலையிற் புறப்பட்டால் மதியத்திற்கு முன் சென்று திரும்பக்கூடிய தூரம். அந்த ஐந்து மைலைத் திரும்பிக் கடக்க அவர்களுக்கு இருபத்தைந்து ஆண்டுக்கு மேற் சென்றது. கடக்காமலே கண் மூடியோரும் பலர். இதனாலேயே சுன்னாகத்துச் சபாபதிப்பிள்ளை முகாம், கண்ணகி முகாம், மல்லாகத்துக் கோணப்புலம் முகாம், நீதவான் முகாம் என்னும் பெயர்கள் குடாநாட்டு வரலாற்றில் நிலைத்துவிட்டன. அரச ஏடுகளில் அவற்றுக்கு நலன்புரி நிலையங்கள் என்று பெயர். அங்கு வாழ்ந்தவர்களோ முகாம் என்றே சொல்லினர்.

பெயரைப் பற்றி இங்கே ஒரு சொல் கூறவேண்டும். 1951ஆம் ஆண்டின் அனைத்துலக உடன்படிக்கையின்படி அகதி என்பவர் தம் நாட்டின் எல்லையைக் கடந்தவர். ஐந்து மைல் நடந்தவர் அவ்வரைவிலக்கணத்துள் அடங்கார். அவர் உள்நாட்டிலே இடம்பெயர்ந்தவர். இத்தகையோருக்கென ஐக்கிய நாடுகள் சபை வழிகாட்டு நெறிகளை வகுத்தது 1998இலேதான்; அதற்குள் சுன்னாகத்து முகாம்கள் எட்டு வயதை எட்டிவிட்டன. முகாமில் வாழ்ந்த கிழவி தன்னை அகதி என்று சொல்லிக்கொண்டாள். அவளுக்குரிய உதவி, சட்டத்தின் கண்ணில், அனைத்துலகக் கடமை அன்று. தன் சொந்த அரசாங்கம் காட்டும் பரிவு மாத்திரமே.

இனிக் கணக்கு எவ்வாறு எடுக்கப்பட்டது என்பதைக் காண்போம். முதற் கணக்கன் கிராம சேவையாளர், ஊர்வழக்கில் விதானையார். இடம்பெயர்ந்த ஊரின் விதானையாரும் தம் மக்களோடு இடம்பெயர்ந்தவரே. அவர் தம் பிரிவைச் சேர்ந்த குடும்பங்களின் பெயர்களைப் பட்டியலிட்டார். அப்பட்டியல் பிரதேச செயலகத்திற்கும், அங்கிருந்து கச்சேரிக்கும், கச்சேரியிலிருந்து கொழும்புக்கும் சென்றது. போர் நடந்த காலத்தும், குடாநாடு அரசின் கையை விட்டுப்போயிருந்த ஆண்டுகளிலும், அரசாங்க அதிபர் கொழும்பின் உத்தியோகத்தராகவே கடமை பார்த்தார். உணவுக் கப்பலும் கொழும்பின் செலவிலேயே வந்தது. இஃது உலகப் போர் வரலாற்றில் அரிதாகக் காணப்படும் ஒழுங்காகும். கப்பலிலே வந்த அரிசியும் மாவும் சீனியும் பருப்பும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் களஞ்சியத்தை அடைந்து, சங்கக்கடையிலே நிவாரண அட்டைக்கு நிறுத்துக் கொடுக்கப்பட்டன.

எவ்வளவு நிறுத்தனர்? ஐவர் கொண்ட குடும்பத்திற்கு மாதம் 1260 ரூபா பெறுமதியான உலர் உணவு என்பது நெடுங்காலம் நின்ற விதி. அதுவே உச்ச எல்லையுமாம். தலைக்கு மாதம் 252 ரூபா. நாளொன்றுக்கு 8 ரூபா 40 சதம். குடும்பத்தில் எழுவர் இருப்பின் அதே தொகையை ஏழாகப் பகிர வேண்டும். அப்போது நாளொன்றுக்குத் தலைக்கு 6 ரூபா. 1990களில் வகுக்கப்பட்ட இத்தொகை, சந்தையில் அரிசியின் விலை ஆண்டுதோறும் ஏறியபோதும் அசையாது நின்றது. நிறுவையாக நின்றிருப்பின் விலையேற்றம் அரசாங்கத்தின் சுமையாயிருக்கும். பணப் பெறுமதியாக நின்றமையால் அச்சுமை அட்டைக்காரரின் பானைக்குள் இறங்கிற்று. ஏட்டிலே எதுவும் குறையவில்லை. பானையிலே ஆண்டுதோறும் குறைந்தது.

உலக நிவாரண அமைப்புகள் கைக்கொள்ளும் அளவு ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 2100 கலோரி. ஏறத்தாழ 400 கிராம் அரிசி அல்லது மா, 60 கிராம் பருப்பு, சிறிது எண்ணெய், உப்பு, சீனி ஆகியவற்றால் அதனை நிரப்பிவிடலாம் என்பர். நிரப்பலாம்தான். ஆனால் யாழ்ப்பாணத்துக் குசினியைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். தேங்காய்ப்பூ இல்லாத பிட்டும், மீனில்லாத குழம்பும், முருங்கையிலை இல்லாத சோறும் இங்கு உணவென்று கருதப்படுவதில்லை. அட்டைக்குக் கிடைத்த மாவிலே ஒரு பங்கை விற்றே தாய்மார் தேங்காயும் விறகும் வாங்கினர். இதனைக் கண்ட சில அதிகாரிகள், நிவாரணத்தை விற்பவர்களுக்கு நிவாரணம் தேவையில்லை என்று முடிவு கட்டினர். விறகு பட்டியலில் இல்லை. பச்சை மாவைத் தின்ன முடியாது என்பதும் பட்டியலில் இல்லை.

பிள்ளைகளின் உடல்நிலையை அளக்க வேறொரு கருவி உண்டு. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கையைச் சுற்றி ஒரு நாடாவை வைப்பர். சுற்றளவு 115 மில்லிமீற்றருக்குக் குறையின் நாடாவின் சிவப்புப் பகுதி தெரியும். உடனே வைத்தியம் வேண்டும். 125க்கு மேலாயின் பச்சை தெரியும், கவலையில்லை. கொடிய பசியை விரைவிற் கண்டுபிடிக்க இதனினும் எளிய கருவி இல்லை. ஆனால் நாள்தோறும் சிறிது குறைவாக உண்டு வளரும் பிள்ளை இந்த நாடாவில் அகப்படாது. கை பச்சை காட்டும். வயதுக்கேற்ற உயரமோ இராது. சில மாதத்து இடருக்கென ஆக்கப்பட்ட கருவி, ஆண்டுக்கணக்காக நீண்ட முகாமில் பாதியுண்மையே கூறும்.

இவ்வளவும் விளைபொருள் குவியும் சந்தைக்கு அருகிலே நிகழ்ந்தன என்பதை மறத்தலாகாது. பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென், 1981இல் வெளிவந்த தம் நூலிலே, மக்கள் பட்டினி கிடப்பது ஊரிலே உணவு இல்லாமையால் மாத்திரமன்று, அதனைப் பெறும் உரிமையும் வலிமையும் இல்லாமையாலும் ஆகும் என்று வங்காளப் பஞ்சத்தை ஆராய்ந்து காட்டினார். மயிலிட்டியின் கடற்றொழிலாளி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மயிலிட்டி இலங்கையின் பெரிய மீன்பிடித் துறைகளுள் ஒன்றாய் விளங்கியது. அத்துறையின் மனிதர் வள்ளமும் வலையும் விட்டுச் சுன்னாகத்துச் செம்மண்ணிலே வந்து குந்தியபோது, அவர் அறிந்த தொழிலுக்கு அங்கு இடமில்லை. பிறர் தோட்டத்திலே வெங்காயம் நடவும் களை பிடுங்கவும் கூலிக்குச் சென்றார். வசாவிளானின் கமக்காரரும் அவ்வாறே. தம் தோட்டத்தைப் போன்ற தோட்டத்திலே பிறர்க்கு உழைத்தார். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் நின்றுவிட்டமையால் அதன் தொழிலாளரும் கூலிக்காரராயினர். கணக்கெடுத்தோர் இவர்கட்கு எத்தனை கிலோ அரிசி வேண்டும் என்று கேட்டனர். ஒரு வள்ளமும் கடற்கரையில் ஒரு வாடியும் இருந்தால் எத்தனை கிலோ அரிசி வேண்டியதில்லை என்பதைக் கேட்கும் நிரல் அப்பத்திரத்தில் இருக்கவில்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் தஞ்சமளித்த சுன்னாகத்தாரே தஞ்சம் தேடினர். படை முன்னேறி வரவே வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நகர்ந்தது. முகாமில் இருந்தவர் இரண்டாம் முறை அகதியாயினர். தோட்டக்காரர் முதன்முறை ஆயினர். 1996ஆம் ஆண்டு ஏப்ரில் முதல் மக்கள் மீண்டபோது தோட்டக்காரர் தம் வீட்டைத் திறந்தார். முகாம்வாசி தம் கொட்டிலின் கப்புகளைத் தேடினார். அந்தச் சில மாதங்கள் ஊராருக்கும் முகாமுக்கும் இடையிலே ஓரளவு பரிவை வளர்த்தன எனலாம். ஆயினும் பல முகாம்கள் நின்றது தனியார் காணியிலும் கோயிற் காணியிலுமே. சில வாரங்களுக்கு எனக் கொடுத்த காணியை ஆண்டுகள் பல சென்றபின் உரிமையாளர் திரும்பக் கேட்டதும் உண்டு. அதனை அறமற்ற செயல் என்று எளிதிற் சொல்லிவிட முடியாது.

கல்விக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் முகாம்வாசி சோற்றைக் குறைத்தாலும் பள்ளிக்கூடத்தைக் குறைக்கமாட்டார் என்பது மெய். இலங்கையில் 1945 முதல் இலவசக் கல்வி நிலவுவதால் பிள்ளைகளுக்கு அருகிலுள்ள பாடசாலைகளிலே இடம் கிடைத்தது. இடம்பெயர்ந்த பாடசாலைகளும் வேறிடங்களில் இயங்கின. காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரி தன் பழைய இடத்திற்கு மீண்டது 2016ஆம் ஆண்டிலாகும். ஆகவே பதிவேட்டைப் பார்த்த மதிப்பீட்டாளருக்குக் கல்வியில் பெருங்குறை தென்படவில்லை. பதிவேடு பகலின் கணக்கு. குறையோ இரவில் இருந்தது. ஒரேயறையிலே சமையல், உறக்கம், நோயாளி, கைக்குழந்தை எல்லாம். அதற்குள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை. பொருளாதாரத் தடை நிலவிய ஆண்டுகளில் மண்ணெண்ணெய் கிடைப்பதரிது. ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சை இட்டு, அது நனையுமளவு எண்ணெய் வார்த்து, திரி கொளுத்திப் படித்தனர். வடபகுதிக்கே மின்சாரம் வழங்கிய ஊரிலே இவ்வாறு படிக்க நேர்ந்தது என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். பரீட்சை மண்டபம் வரை சென்றவர்கள் பதிவேட்டில் உள்ளனர். பதினான்கு வயதில் வெங்காயத் தோட்டத்துக்கோ கடைக்கோ சென்ற பிள்ளை, பெயர் வெட்டப்படும் வரை சில மாதங்கள் வருகையின்மை என்ற குறியாக மாத்திரம் இருந்தான்.

நலன் என்ற தலைப்பின்கீழ் வருவனவற்றுள் தண்ணீரே பெரிது. குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. சுண்ணக்கற் பாறையின் இடுக்குகளில் தங்கும் மழைநீரே கிணற்றில் ஊறுகின்றது. உலக அளவுகோல்கள் முகாமிலே ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர் நீர், இருபது பேருக்கு ஒரு மலகூடம், ஆளொன்றுக்கு மூன்றரைச் சதுர மீற்றர் கூரை நிழல், மலகூடத்திற்கும் நீர்நிலைக்கும் இடையே 30 மீற்றர் தூரம் என்று விதிக்கின்றன. சிறிய தோட்டக் காணியொன்றில் நூறு குடும்பம் வாழ நேர்ந்தால் முப்பது மீற்றருக்கு எங்கே போவது? சுண்ணக்கல்லோ கழிவைத் தடுத்து நிறுத்தும் களிமண் அன்று. ஒரு குழியில் இட்டது மறு கிணற்றில் தோன்றும். இத்துன்பத்தின் மேல் மற்றொன்றும் வந்தது. 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளிலே எண்ணெய் மிதக்கக் கண்டனர். மின்னிலையச் சூழலின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரிற் கலந்தமை பற்றிய வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019இல் தனியார் மின் உற்பத்தி நிறுவனமொன்று இழப்பீடு செலுத்தும்படி தீர்ப்பளிக்கப்பட்டது. வீடுடையோர் போத்தல் தண்ணீர் வாங்கினர். முகாமில் இருந்தவர் தாங்கி வண்டி வரும் நேரத்தைப் பார்த்துக் குடங்களை வரிசை வைத்தனர்.

எண்ணிக்கையே தேவையின் அடிப்படை. எண்ணிக்கை பிழைத்தால் ஏனைய யாவும் பிழைக்கும். 2009ஆம் ஆண்டின் தொடக்கத்திலே வன்னியில் அகப்பட்டிருந்தோர் 70,000 வரையில் என்று அரசு தரப்பிலே கூறப்பட்டது. அங்கிருந்த அரச உத்தியோகத்தர் கூறிய தொகை அதனினும் பன்மடங்கு. உணவும் மருந்தும் சிறிய தொகையைத் தழுவியே சென்றன. போர் முடிந்தபின் செட்டிகுளத்து மனிக் பாம் முதலிய முகாம்களில் வந்து சேர்ந்தோர் 2 இலட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டனர். உலகத்தின் பார்வை அங்கே திரும்பியது இயல்பே. 2012 செப்டெம்பரில் மனிக் பாம் மூடப்பட்டதும் முகாம்களின் காலம் முடிந்தது என்ற எண்ணம் பரவிற்று. சுன்னாகத்து முகாம்களோ அப்போதும் இருந்தன. போர் முடிந்ததென்பதால் உலர் உணவு நிவாரணமும் நின்றுபோயிற்று. போரினால் வந்தவர்க்குத் திரும்பிச் செல்லும் வழி திறக்கவில்லை. போரினால் வந்த அட்டை மாத்திரம் செல்லாதாயிற்று. மேலும் 2013 ஏப்ரிலில், வலிகாமம் வடக்கில் 6381 ஏக்கர் காணியை அரசு சுவீகரிக்கவுள்ளதாக அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட காணியுரிமையாளர் நீதிமன்றத்தை நாடினர்.

அவ்வாண்டு நவம்பர் 15ஆம் நாள் பொதுநலவாய மாநாட்டிற்கு வந்த பிரித்தானியப் பிரதமர் டேவிட் கமரூன் சபாபதிப்பிள்ளை முகாமுக்குச் சென்றார். சுதந்திரத்தின் பின் வடபகுதிக்கு வந்த முதல் வெளிநாட்டு அரசாங்கத் தலைவர் இவர் என்று அப்போது கூறப்பட்டது. உலகப் பத்திரிகைகளிலே அன்று சுன்னாகம் என்ற பெயர் வெளிவந்தது. முகாம் மக்கள் அவரிடம் கேட்டது அரிசியன்று, காணி. 2015 டிசெம்பரில் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன கோணப்புலம் முகாமுக்கு வந்து, ஆறு மாதத்தில் இடம்பெயர்ந்தோரை மீளக் குடியமர்த்துவதாக வாக்களித்தார். 2016இல் கீரிமலையில் நல்லிணக்கபுரம் என்ற வீட்டுத்திட்டம் எழுந்தது. 2017 ஜூலை 3ஆம் நாள் மயிலிட்டித் துறைமுகம் மக்களிடம் கையளிக்கப்பட்டது. இன்றும் அப்பிரதேசத்தின் ஒரு பகுதி படையினர் வசமே உள்ளது.

காணி விடப்பட்டபோதுதான் 1990ஆம் ஆண்டுப் பட்டியலின் குறை முழுவதும் வெளிப்பட்டது. அன்று விதானையார் எழுதிய குடும்பம் ஒன்று. தாய், தந்தை, மூன்று பிள்ளைகள். இருபத்தைந்து ஆண்டில் அம்மூவரும் முகாமிலேயே மணம் செய்து, முகாமிலேயே பிள்ளை பெற்றனர். இப்போது குடும்பம் நான்கு. உத்தியோக மொழியில் ஒன்று குடும்பம், மூன்று உப குடும்பம். வீட்டுத்திட்டத்தில் வீடு ஒன்று. ஊரிலே விடப்பட்ட காணியோ நான்கு பரப்பு, ஏக்கரில் காற்பங்கு. அதனை நால்வர்க்குப் பிரித்தால் ஆளுக்கொரு பரப்பு, கிணறு ஒன்று. இன்னும் சிலர்க்கு அதுவும் இல்லை. அவர்கள் 1990க்கு முன்னரும் பிறர் காணியிலே குடியிருந்த கூலித் தொழிலாளர். திரும்பச் செல்ல விரும்புவீரா என்ற பத்திரத்திலே ஆம் என்று எழுதினர். எவ்விடத்திற்கு என்ற அடுத்த நிரலிலே எழுத அவர்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. முகாம்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து வந்தபோது இறுதிவரை அங்கே தங்கியிருந்தவர்களில் இத்தகையோரே பலர். காணி விடுவிப்பு விழாக்களின் மறுநாளும் அவர்கள் சுன்னாகத்துத் தோட்டங்களுக்கே காலை வேலைக்குச் சென்றனர்.